ஏழு ஆன்டெனாக்களும் ஒரு கணக்கு நோட்டும்

என் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டில் முதல் பத்துப் பக்கத்துக்குத்தான் கணக்கு. அதற்குப் பிறகு எல்லாம் சித்தப்பா வரைந்த படம். காளான் மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ். அதைக் கவிழ்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும், மூடியைக் கழற்றினால் என்ன தெரியும், அதற்கும் உள்ளே என்ன என்று பக்கம் பக்கமாக. அளவுகளை மட்டும் நான் எழுதினேன். என் கையெழுத்துதான் அழகு என்று சித்தப்பா ஐஸ் வைத்ததை அப்படியே நம்பினேன்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. அம்மா கல்யாணமாகி எங்கள் ஊரான வுனிமோனோவுக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது, தாயில்லாப் பிள்ளை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சோறு ஊட்டி ஆளாக்கியது அம்மாதான். பெரியவரானதும் எங்கள் தீவின் தலைநகரான சுவாவில், மீன்பிடிப் படகுகளின் ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் பழுதுபார்க்கிற கடையில் வேலைக்குப் போனார். கடலுக்கு நடுவில் படகு எங்கே நிற்கிறது என்று சொல்கிற பெட்டி கீழே இருக்கும். சாட்டிலைட்டிலிருந்து வருவதைப் பிடிக்கிற ஆன்டெனா படகின் உச்சியில் இருக்கும். அதுதான் அந்த வெள்ளைக் காளான்.

எனக்கு எட்டு வயதில் நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் போய் எல்லாரையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கே சுவாவில் கடைகளை உடைத்துக் கொளுத்தினார்கள், சித்தப்பா வேலை பார்த்த கடையும் அதில் போனது. முதலாளி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அத்தனை வருஷம் அங்கே உழைத்ததற்கு சித்தப்பா கையில் ஒரு துண்டுச் சீட்டு மிச்சமில்லை. ஆற்றுக்கு மேல்பக்கம் எங்களைப் போன்ற இந்தியர்களை வீடு புகுந்து அடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அப்பா கதவுக்குப் பின்னால் வெட்டுக்கத்தியைச் சாய்த்து வைத்தார். எங்கள் தெருவில் வீடு வீடாகப் பூட்டுத் தொங்கியது. நானோ, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று குதித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த நாட்களில்தான் சித்தப்பா கொட்டகையில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார். பழுதென்று கடையில் எப்போதோ ஒதுக்கியவை, ஏழு ஆன்டெனா. சிலவற்றுக்கு அடியில் திருகாணி இருந்தது, சுலபமாகத் திறந்தது. மற்றவை பசை வைத்து ஒட்டியவை. அவற்றை வெந்நீரில் போட்டு இளக வைத்து, விளிம்பில் கத்தியை விட்டு நெம்ப வேண்டும்.

“சோறாக்குற சட்டிதானா தம்பி கெடச்சுது ஒனக்கு?” என்று அம்மா கத்தினாள். கத்திவிட்டு, கை சுடாமல் பிடிக்கத் துணியும் அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் மூடி திறந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை! தேங்காய் பர்ஃபித் துண்டு அளவுக்குச் சதுரமாக ஒரு பீங்கான் வில்லை, அதன்மேல் வெள்ளிப் பூச்சு, ஒரு பொட்டு ஈயம். வானத்திலிருக்கிற சாட்டிலைட்டைப் பிடிக்க இவ்வளவுதானா? போதாததற்குப் பூச்சின் இரண்டு மூலை வேறு வெட்டுப்பட்டிருந்தது. உடைந்துபோச்சு என்றேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். இரண்டாவதிலும் அதே இரண்டு மூலை இல்லை, மூன்றாவதிலும் இல்லை. சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

“ஒடஞ்சதில்ல பாப்பா, வெட்டினது! வேணும்னே வெட்டியிருக்கான்!”

ஈயப் பொட்டும் எதிலுமே நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. எவ்வளவு தள்ளி என்று அடிக்கோலை வைத்து அளந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வில்லைக்கு அடியில் ஈயத்தை உருக்கித் தகர மூடியை எடுத்தால் கடுகு கடுகாகச் சாமான்கள். ஆறு ஆன்டெனாவைப் பிரித்துப் போட்டு, அவற்றிலிருந்து எடுத்ததை வைத்து ஏழாவதைச் சரிசெய்தார். ஒரு பழைய ஜிபிஎஸ் பெட்டியோடும் கார் பேட்டரியோடும் அதை இணைத்து மரவள்ளிப் பாத்திக்கு நடுவில் வைத்தோம். வெகுநேரம் கழித்துத் திரையில் எண்கள் வந்தன. தெற்கே பதினெட்டு சொச்சம், கிழக்கே நூற்றெழுபத்தெட்டு சொச்சம். நாம் நிற்கிற இடம் என்றார்.

இனிமேல் நாம் எங்கே இருக்கிறோம் என்று சாட்டிலைட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அதுக்கு எப்பிடித் தெரியும்? இது காலி கேக்கும் பாப்பா, பேசாது” என்றார். எங்கள் ஊர் இந்தியில் காலி என்றால் ‘மட்டும்’. அப்பாவின் பிடிவாதத்தால் வீட்டில் தமிழ் பேசினோமே தவிர, அந்தத் தமிழில் பாதி இப்படித்தான்.

என் பொழுதுபோக்குக்காகத்தான் சித்தப்பா இதையெல்லாம் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆக்லாந்தில் படகுக் கருவி பார்க்கிற ஒரு பட்டறையிலிருந்து, அவர் வேலை கேட்டு எழுதியதற்குப் பதில் கடிதம் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கையில் சான்றிதழ் இல்லையென்றால் பரவாயில்லை, தெரிந்ததை எழுதிக் கொண்டுவந்து காட்டு என்று எழுதியிருந்தார்கள். அதற்குத்தான் நோட்டு! அவர் எங்களை விட்டுப் போவதற்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அம்மாதான் தைரியம் சொன்னாள். “போயிடு தம்பி. எங்கியாச்சும் உசுரோட இருந்தாப் போதும் எங்களுக்கு.”

விசா வந்த அன்றைக்கு அப்பா வாங்கிவந்த மூட்டையைப் பிரித்து அம்மா அரிசி டிரம்மை விளிம்புவரை நிரப்பியிருந்தாள். அவள் கொல்லைக்குப் போன நேரத்தில் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, முழங்கை மறைகிற ஆழத்துக்கு அரிசிக்குள் சொருகினேன். நோட்டு இல்லாவிட்டால் சித்தப்பா போகமுடியாது. என் கணக்கு அவ்வளவுதான்.

புறப்பட இரண்டு வாரம்தான் இருந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். மெத்தையைத் தூக்கினார்கள், கோழிக்கூட்டுக்குள் கூடப் பார்த்தார்கள். அம்மாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடவே தேடினாள். என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். தெரியாது என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். சித்தப்பா நினைவிலிருந்து நாலு தாளில் வரைந்து பார்த்தார். அளவுகள் வரவில்லை. பிரித்த ஆறு வில்லைகளும் சூட்டில் வெடித்துப் போயிருந்தன, மிஞ்சிய ஏழாவதை வைத்து மற்றவற்றின் அளவைச் சொல்லமுடியாது. அந்த நாலு தாளோடு புறப்பட்டுவிட்டார். என் கணக்கு தப்பு; நோட்டு இல்லாமலும் மனிதர்கள் போவார்கள்.

அடுப்பில் உலை இருக்கிறது என்று சொல்லி அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. நான் முக்காலி போட்டு ஏறி டிரம்மைத் திறந்தேன். அரிசி பாதிக்கு இறங்கியிருந்தது. கவிழ்ந்து, கால் முக்காலியை விட்டு எழும்ப, முழங்கை மறையும்வரை கையை விட்டுத் துழாவினேன். பத்திரமாக இருந்தது. அப்பாடா, யார் கண்ணிலும் படவில்லை என்று நிம்மதியாகப் பழையபடி மூடினேன்.

சில மாதம் கழித்துப் பயம் தெளிந்து, பள்ளிப் பையில் கிடைத்ததாகப் பொய் சொல்லி நோட்டைக் கொடுத்தேன். அப்பா என்னை அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. தபாலில் அனுப்பினார்கள். அதற்குள் பட்டறையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டான். சித்தப்பா மீன் பதப்படுத்துகிற கொட்டகையில் சேர்ந்தார், கடைசிவரை அங்கேயேதான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மீன் அலசி அலசிக் கை மரத்துப்போன கதையை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு காலி கேட்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். கோபம் போல என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நானும் எல்லாரையும் போல சிட்னிக்கு வந்துவிட்டேன். போன மாதம் இங்கே என் அரிசி டப்பாவில் அளக்கிற டம்ளர் உள்ளே புதைந்துபோயிற்று. எடுக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். அரிசி இறங்க இறங்க, நாலாம் நாள் அது தானாக மேலே வந்து கிடந்தது.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அரிசி பாதிக்கு இறங்கியும் நோட்டு முழங்கை ஆழத்திலேயே இருந்தது. எங்கள் வீட்டில் அரிசி அளந்தது அம்மா ஒருத்திதான். நான் நோட்டை ஒரே ஒரு தடவைதான் புதைத்தேன். அவள் தினமும் புதைத்திருக்கிறாள்.