சாடும் என்றுதான் சொன்னேன்

எங்கள் ஊர்ப் பேச்சில் சாடுவது என்றால் குதிப்பது. மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளத்தில் சாடுவோம், மதில் ஏறிச் சாடுவோம். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தால் இங்கே மலையாளத்திலும் அதே சொல், அதே அர்த்தம். அதனால் மாற்றிப் பேச வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் காதில் அது பாய்ந்து தாக்கும் என்று விழும் என்பது போன வருஷம் வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதிவிட்டேன். முழுக்க உண்மை இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

நாயைக் கொண்டுவந்தது எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் மலையாளிப் பெண். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் தெருவில் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்து, நல்ல வீடு தேடிக் கொடுக்கும் ஒரு கூட்டத்தோடு அலைவாள். இவனை பைபாஸ் ஓரத்தில் யாரோ சங்கிலியோடு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செம்மண் நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கிக் கிடக்கும். கழுத்தைச் சுற்றி முடி இல்லாத ஒரு வளையம்.

"ஆன்ட்டி, ஒரு ஆழ்ச்ச மதி," என்றாள். ஒரே ஒரு வாரம். வீடு கிடைத்ததும் கொண்டுபோய்விடுவாளாம்.

படித்தவர்கள் எதைக் கேட்டாலும் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற ஆள் நான். அவர்கள் பேசும்போது பாதி விளங்கும், மீதிக்குத் தலையாட்டிவிடுவேன். அன்றைக்கும் ஆட்டினேன்.

வாரம் மாதங்களாக நீண்டது. அவன் இருந்த வீட்டில் எதுவும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. குளிக்கிற சோப்பைத் தின்றான். கறிவேப்பிலைக் கன்றை வேரோடு பிடுங்கி என் காலடியில் கொண்டுவந்து வைத்தான். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சாரின் கசவு வேட்டியைக் கொடியிலிருந்து இழுத்து, கழுத்தில் சுற்றிக்கொண்டு, சந்து முனை வரை ஓடினான். நான் நைட்டியோடு பின்னால் ஓடினேன். வேட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சார் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

காலையில் நடக்கக் கொண்டுபோனால் அவன் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டும். சாயாக்கடையில் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

"சேச்சி எங்ஙோட்டா?" என்று, அக்கா எங்கே கிளம்பியாச்சு என்பதுபோல் ஒருவர் கேட்பார்.

"அது பட்டியோடு சோதிக்கெடா," என்பார் இன்னொருவர். சேச்சிக்கு என்ன தெரியும், நாயிடம் கேள் என்று அர்த்தம். தினமும் அதே தமாஷ், தினமும் அதே சிரிப்பு.

போதாததற்கு என் கவலைகள். வாசல் கேட்டின் கொக்கியைப் போட்டேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். அவன் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் விஷம் வைத்துவிட்டார்களோ என்று தட்டை முகர்ந்து பார்ப்பேன். நிறையச் சாப்பிட்டால் வயிற்றில் பூச்சியோ என்று தோன்றும். என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக் கடையில் வேலை பார்க்கிறார். சாயந்தரம் சட்டையெல்லாம் மிளகாய்த் தூளோடு வருவார். அவன் அவர் நெஞ்சு உயரத்துக்குச் சாடுவான், தும்முவான், மறுபடியும் சாடுவான்.

"ஒனக்கு விசாரப்படியதுக்கு ஒரு ஆளு கெடச்சாச்சு," என்பார் என்னிடம்.

"எப்ப கொண்டுபோவும்னு கேளுங்க அந்த மாடிக் கொச்சுப் பெண்ணுட்ட. என்னால ஏலாது," என்பேன்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னேன். ஏலாது, சீக்கிரம் போனால் போதும். அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. எலேய் என்றால் வருவான்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனை எடுத்துக்கொள்ள ஒரு ஜோடி வந்தது. பொள்ளாச்சிக்காரர்கள், இரண்டு பேரும் கழக்கூட்டத்தில் வேலை. தமிழ்க் குடும்பம் என்பதால் சுலபமாகப் பேசிக்கொள்வோம் என்று மாடிப்பெண் நேராக என்னிடம் அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போயிருந்தாள். நான் அவனை ஜன்னல் கம்பியில் குட்டையாகக் கட்டி, தேங்காய் உரித்த தொண்டு ஒன்றைக் கடிக்கக் கொடுத்திருந்தேன். வந்த பெண் சேலையோடு தரையில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினாள்.

"எங்கூட்டுல சின்ன வயசுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க்கா. இந்த ஊர்ல எனக்குப் பேசறக்கு ஆளே இல்லைங்க. இவன் இருந்தா வீட்டுக்கு வரணும்னு தோணும்."

பையில் அவனுக்கென்று ஒரு சிவப்புக் கழுத்துப் பெல்ட் வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்துக் காட்டினாள்.

"வேற ஏதாச்சும் பழக்கம் இருக்குங்களாக்கா?"

"நல்ல பட்டியாக்கும் மக்களே. ஒண்ணே ஒண்ணு, ஆளைக் கண்டா சாடும்."

அவள் கை அவன் முதுகிலிருந்து எழுந்தது. "சாடுமுங்களா?"

"பின்னே. புது ஆளுன்னா கூடுதலா சாடும். கொச்சுப் பிள்ளியளக் கண்டா கேக்கவே வேண்டாம்."

அவள் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுவரைக்கும் ஆரையாச்சும் சாடியிருக்குதுங்களா?"

"எல்லாரையும் சாடியாச்சு. எனக்க மாப்பிளையை தெனமும்."

"அதுக்கு ஊசியெல்லாம் போட்டுக்கிட்டாருங்களா?"

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. ஊசி என்ற சொல்லில். இங்கே வரை நான் சொன்னதில் கள்ளம் இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அடுத்து ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. குதிக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த சொல்தான், தொண்டை வரை வந்தது. அவன் தேங்காய்த் தொண்டு கவ்விய வாயோடு என்னைப் பார்த்தான். நான் காப்பி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவினேன். நிதானமாகக் கழுவினேன். வெளியே வந்தபோது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பெல்ட் மறுபடியும் பைக்குள் போயிருந்தது.

அன்று மத்தியானம் அவனுக்கு இரண்டு முட்டை வேகவைத்துக் கொடுத்தேன்.

சாயந்தரம் மாடிப்பெண் வாடிய முகத்தோடு இறங்கி வந்தாள். இவன் ஆட்களைத் தாக்குவான் என்று நானே சொன்னதாக அவர்கள் அவளுடைய கூட்டத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். கடிக்கிற நாயை யார் வீட்டுக்கும் கொடுக்க முடியாதாம். என் வீட்டிலும் வைக்க முடியாதாம். ஊருக்கு வெளியே ஒரு ஷெட் இருக்கிறது, கடிக்கிறவற்றைத் தனித்தனிக் கூண்டில் போடுகிற இடம். நாளைக்கு வண்டி வரும்.

"ஞான் சாடும்னு மட்டும்தான் சொன்னேன் மோளே," என்றேன். என் மலையாளம் பதற்றத்தில் பாதி தமிழாகிவிடும்.

"சாடும். அது சரியல்லே?" என்றாள். சரிதானே என்கிறாள், அவளுக்கு அதில் தப்பே தெரியவில்லை. அப்போதும் அவன் அவள் மேல் சாடி, ஜீன்ஸில் மண் கால் வைத்துக்கொண்டிருந்தான்.

"அவங்க தமிழ் வேற. அவங்களுக்கு சாடும்னா அடிக்கும்னு."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்போழே பறயாமாயிருந்நில்லே ஆன்ட்டி?" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாமே.

நான் படியில் கிடந்த நாய் முடியைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போனது. போனை எடுத்து, அந்தப் பொள்ளாச்சிப் பெண்ணின் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"குதிக்கியதைத்தான் எங்க ஊருல அப்படிச் சொல்லுவோம் மக்களே. கடிக்காது," என்றேன். எனக்கு விளங்கியும் சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்லவில்லை. வண்டி வருவது நின்றது. அடுத்த ஞாயிறு அவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

இந்தத் தடவை அவனைக் கட்டவில்லை. வந்த வேகத்தில் அவள் வீட்டுக்காரர் மேல் சாடினான், மூக்குக் கண்ணாடி தெறித்துச் செடிச்சட்டியில் விழுந்தது. அடுத்து அவள் மேல். அவள் அவனையும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதத்தான் சாடும்னு சொன்னீங்களாக்கா? நீங்க போன் பண்ணுனதுல இருந்து எங்களுக்குத் தூக்கமே இல்லைங்க, போயும் போயும் இதுக்கா பயந்தோம்னு." பையிலிருந்து பெல்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்களே போட்டு விடுங்க. உங்க கைக்குத்தான் நிப்பான்."

வாங்கிக்கொண்டேன். அவன் என் முன்னால் வந்து, என்றைக்கும் இல்லாத அடக்கமாய், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். அந்த முடி இல்லாத வளையத்தில் இப்போது பூனைமுடி போல் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"அன்னைக்கே எனக்கு விளங்கிச்சு மக்களே," என்றேன். "நீங்க பேடிச்சுப் பயந்தது. விளங்கித்தான் நான் உள்ள போனேன்."

"ஏனுங்க்கா?"

"எனக்கு இவன் வேணும்."

எனக்கு வேணும். இதைச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதுகூடச் சொன்னதில்லை. சொன்ன பிறகு யார் முகத்தையும் பார்க்க முடியாமல் பெல்ட்டின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசல் வரை வந்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா," என்று அந்தப் பெண்ணின் கணவர் ஆரம்பித்தார். மனைவி அவர் கையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார்.

அவள் கொஞ்ச நேரம் அவன் மடங்கிய காதை நிமிர்த்துவதும் விடுவதுமாக இருந்தாள். எழுந்தபோது அவள் மடியெல்லாம் செம்மண் முடி.

"பெல்ட்டு இருக்கட்டுங்க்கா. வேற நாய்க்கு அளவு சேராது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர்களுக்கு வேறு நாய் பார்ப்பதாக மாடிப்பெண் பிறகு சொன்னாள். கிடைத்ததா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சாயாக்கடையில், "சேச்சி, பெல்ட் கொள்ளாமல்லோ," என்று மெச்சினால், ஒரு ஆள் தந்தது என்று சொல்லிவிட்டு அவன் இழுக்கும் முன்னே நானே வேகமாக நடப்பேன்.

இப்போது வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் ஜாக்கிரதையாக, "குதிக்கும்" என்று சொல்கிறேன். கேஸ் கொண்டுவருகிற மலையாளிப் பையன் காதில் அது வேறாக விழ, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

"குத்துமோ?"

"இல்ல மக்களே," என்றேன். "சாடும். சாடத்தான் செய்யும்."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். அந்தப் பொள்ளாச்சிப் பெண் ஞாபகம் வந்து எனக்கு முகம் சுட்டது.