துப்பறிவாளனை அவிழ்த்தது யார்?

ஒரு திரைப்படத்தின் கதையில் ஓட்டை இருந்தால் தயாரிப்பாளருக்கு நஷ்டம் என்பார்கள். எனக்கு வேலையே போக இருந்தது. இத்தனைக்கும் நான் அந்தப் படத்தை எடுத்தவன் அல்ல, ஓட்டியவன்.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் பதுங்கியிருந்த அவசரகாலத்தின்போது கோலசிலாங்கூரில் இருந்த ஒரு முதலாளியிடம் ஆபரேட்டராக இருந்தேன். லோரியில் புரொஜெக்டரையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்ட வேண்டும். ஆறு மணிக்குத் தோட்டத்து முள்ளுக்கம்பி வேலியின் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் லோரி வெளியேறிவிட வேண்டும். அதனால் பட்டப்பகலில், ரப்பர் ஷீட்டு அடுக்கும் ஸ்டோரில், சன்னல்களுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்கிக் காட்டுவோம். முந்நூறு பேர், மூடிய சன்னல், ரப்பர் வாடை. அதையும் மீறி ஜனங்கள் சிரித்தார்கள், அழுதார்கள் என்றால் அது கலைக்குக் கிடைத்த மரியாதைதான்.

படம் முடிந்ததும் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்: 'படம் முழுமையாகக் காட்டப்பட்டது.' ஏற்கெனவே இரண்டு தோட்டங்களில் அந்தக் கையெழுத்து எனக்குக் கிடைக்கவில்லை. நேரம் போதாமல் பாட்டு ரீலைத் தாண்டியதுதான் காரணம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பாட்ட வெட்டினா சனங்க சும்மா இருக்குமாடா? இன்னொரு தடவ சீட்டு இல்லாம வந்தே, மறுநாளே நீ ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போயிடு."

நான் புத்திசாலி. பாடத்தை அரைகுறையாகக் கற்றுக்கொள்வதில் எனக்கு இணை கிடையாது. பாட்டை வெட்டக் கூடாது என்றால் பேச்சை வெட்டலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் ஒரு தோட்டம். மர்மப் படம், எட்டு ரீல். கேட்டில் சோதனை முடித்து உள்ளே போய்த் தொடங்கவே மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது. எட்டையும் ஓட்டினால் சாமான் கட்ட நேரமிருக்காது. ஆறாவது ரீலில் பாட்டே இல்லை, வெறும் பேச்சு என்று ஞாபகம். ஐந்தாவது முடிந்ததும் ஏழாவதை மாட்டினேன். மர்மப் படத்தில் பேச்சுதான் படமே என்று இருபத்தோரு வயதில் யார் சொன்னார்கள்?

ஐந்தாம் ரீலின் கடைசியில் துப்பறிவாளனைக் கிடங்கில் ஒரு தூணோடு கட்டிவைத்து, கதவைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போடுகிறான் வில்லன். ஏழாம் ரீலின் முதல் காட்சியில் அதே துப்பறிவாளன் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டில் நிற்கிறான். தலைமுடி கூடக் கலையவில்லை.

ஐந்தேகால் மணிக்குப் படம் முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சீட்டை நீட்டினேன். பெரிய கிராணி செல்லத்துரை பேனாவைத் திறந்தார், மூடினார்.

"ஏன்பா, தூண்ல கட்டின ஆள அவுத்தது யாரு?"

"கதையே அப்படித்தாங்க ஐயா. எழுதினவன் மறந்துட்டான்."

"எழுதினவன் மறந்திருந்தா நான் கையெழுத்துப் போடறேன். நீ மறந்திருந்தா போட மாட்டேன். எது?"

அவ்வளவுதான், ஸ்டோரே கோர்ட்டாகிவிட்டது.

"பல்லால கடிச்சு அறுத்திருப்பான்லா!" என்றார் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி.

"கைய முதுகுப் பக்கமில்ல கட்டினான்? பல்லு என்னா முதுகுலயா மொளச்சிருக்கு?" என்று ஒரு பெண் குரல் கொடுத்தது.

"சரி, கயிறு அறுந்துச்சுன்னே வையி. பூட்டின கதவு?"

"கூரை ஓட்டப் பிரிச்சு எறங்கியிருப்பான்."

"எறங்கினவனுக்குக் கோட்டு யாரு தச்சுக் குடுத்தா? உன் மாமனாரா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் எல்லாரும் கதாசிரியனைத்தான் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். கிராணியின் பேனா மறுபடி திறந்தது. அப்போதுதான் பால்மரம் வெட்டும் சவரியம்மா எழுந்தார்.

"படக்காரத் தம்பி, ஒன்னு கேக்கறேன். படம் எத்தன ரீலு?"

"ஏழு அக்கா."

"காலைல பூசைக்குப் போயிட்டு மத்தியானம் திரும்பி வந்து கேட்டுல பொம்பளைங்க வரிசைல நிக்கிறேன். ஒன் லோரியும் நின்னுச்சு. காட்டு ஆளுங்களுக்கு அரிசி ஒளிச்சிருக்கான்னு போலீசு ஒவ்வொரு டின்னாத் தொறந்து பாத்தான். வெயில்ல நிக்கிறவளுக்கு வேற என்னா வேலை? எண்ணினேன். எட்டு."

"ஒன்னு காலி டின்னு அக்கா."

"எட்டுலயும் கறுப்பா சுருட்டி வெச்சிருந்துச்சு தம்பி. இன்னொன்னு. ரீலு மாத்தறப்ப வெளக்கப் போட்டியே, ஒவ்வொரு தடவையும் கிராணி ஐயா எழுந்து 'உக்காருங்க'ன்னு கத்தினாரு. ஆறு தடவ கத்தினாரு. எட்டு ரீலுன்னா ஏழு தடவ கத்தியிருக்கணும். ஐயாவையே கேளு."

கிராணி தொண்டையைத் தடவிப் பார்த்தார். அந்தப் படத்துத் துப்பறிவாளன் எட்டு ரீலிலும் இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கை நிரூபிக்கவில்லை.

மணி ஐந்தரை. கேட்டு மூட அரை மணி. ரீல் ஓட இருபது நிமிஷம். "போட்டுடறேன்யா" என்றேன். படம் முடிந்த பிறகு படத்தின் நடுப்பகுதி ஓடியது.

கிடங்குக் கதவு திறக்கிறது. தலை நிறையப் பூவும் கையில் மாற்றுச் சாவியுமாக வில்லனின் மனைவி வருகிறாள். கட்டை அவிழ்க்கிறாள். கோட்டு வரை கொடுக்கிறாள்!

முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

"அடேய், அவதான் மூனாவது ரீல்லயே ஆத்துல விழுந்து செத்துட்டாளேடா!"

"பொணத்தத் தூக்கிட்டுப் போறத நானே பாத்தேன்லா!"

"தங்கச்சியா இருக்கும்" என்றார் கிராணி.

"தங்கச்சின்னா அதே மூக்குத்தியா ஐயா?" என்றார் சவரியம்மா.

மீதி பத்து நிமிஷத்தில் சாமான் கட்டியது நானல்ல. சண்டை போட்டபடியே அவர்கள்தான் கட்டினார்கள். செத்தவள் பிழைத்தாள் என்ற கட்சி திரையைச் சுருட்டியது. தங்கச்சிக் கட்சி ஜெனரேட்டரைத் தூக்கியது. லோரி உறுமிக்கொண்டு நிற்க, கிராணி பானெட் மேல் சீட்டை வைத்து எழுதினார். கேட்டைத் தாண்டிய பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

'எட்டு ரீல்களும் காட்டப்பட்டன. வரிசை தவறியது ஆபரேட்டரின் குற்றம். செத்தவள் வந்தது அவர் குற்றமல்ல.'

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். "யாருடா செத்தவ?" என்றார். கதையைச் சொன்னேன். திட்டுவதற்காக எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், "ஆத்துல விழுந்தவளுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கும்டா, போ" என்றார். வேலை தங்கியது.

இளைய தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அதன்பிறகு நான் ஒரு ரீலைக் கூடத் தாண்டியதில்லை. நேர்மை என்று நினைத்து யாரும் பாராட்டிவிட வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் நம்மைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துபோனதுதான் காரணம். அந்தப் படத்தைப் பிறகு தஞ்சோங் காராங் வரை பல தோட்டங்களில் எட்டு ரீலும் வரிசையாக ஓட்டினேன். எல்லா இடத்திலும், செத்தவள் எப்படி வந்தாள் என்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்கள். "எனக்கும் தெரியலங்க" என்பேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன பதில்களில், நிம்மதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.