வியாழக்கிழமைக்கு வைத்த குளிசை

எங்கள் மாமா எப்படிச் செத்துப்போனார் என்ற கதையைப் பெரியம்மா கனடாவில் நன்றாகச் சொல்லுவார். கலியாண வீட்டிலும் சொல்லுவார், கோயிலிலும் சொல்லுவார், குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவும் போடுவார். தம்பி பட்ட பாட்டைச் சொல்லும்போது உண்மையாகவே அழுவார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கனடாவில் இருப்பதுபோல ஓர் ஊசியும் ஒரு சட்டமும் திருகோணமலையிலும் இருந்திருந்தால் அந்தப் பாவி இவ்வளவு சித்திரவதைப்பட்டிருக்க மாட்டான் என்று முடிப்பார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கதையில் ஒரே ஒரு குறைதான். முடிவு வருவதற்கு முன்பே பெரியம்மா பிளேன் ஏறிவிட்டார். நான் அங்கேயே இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா அம்மாவுக்கு அண்ணன், பெரியம்மாவுக்குத் தம்பி. கலியாணம் கட்டாதவர், எங்களோடுதான் இருந்தார். படகு எஞ்சின் திருத்துவது அவருடைய வேலை. குச்சவெளியில் இருந்தும் மூதூரில் இருந்தும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு உள்துறைமுகத்துப் பக்கம் இருந்த எங்கள் ஒழுங்கைக்கு ஆட்கள் வருவார்கள். மாமா எஞ்சினைத் தொட முதலே அதன் சொந்தக்காரரைத் திட்டத் தொடங்குவார். உப்புப் போகக் கழுவவில்லை, எண்ணெய் மாற்றவில்லை, பெண்சாதியையாவது ஒழுங்காக வைத்திருக்கிறாயா என்று கேட்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். மாமாவிடம் திட்டு வாங்காத எஞ்சின் ஓடாது என்று கரையில் ஒரு பேச்சு இருந்தது.

அப்படிப்பட்டவருக்குக் குடலில் புற்றுநோய் வந்து, முள்ளந்தண்டுக்கும் பரவிவிட்டது. இனி வெட்டிக் கொத்த ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அனுப்பும்போது வலிக்கு என்று ஒரு பெட்டி நிறைய மோர்பீன் குளிசையும் தந்துவிட்டார்கள். அந்தப் பெட்டியை அம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இப்படிச் சொன்னால் அம்மா கொடுமைக்காரி போலத் தெரியும். எங்கள் வீட்டு அலுமாரியை அறிந்தவர்களுக்கு விளங்கும். நல்ல சாமான் என்று எது வந்தாலும் அதற்குள்தான் போகும். பெரியம்மா அனுப்பிய கட்டில் விரிப்புகள், பொன் விளிம்புக் கோப்பைகள், வாசச் சவர்க்காரம் எல்லாம் ஒரு தேவைக்கு உதவும் என்று உள்ளே கிடந்தன. நாங்கள் கைபிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணி குடித்தோம். மாமாவின் குளிசையும் நல்ல சாமான் என்பதால் அங்கேயே போனது. போதாக்குறைக்கு மருந்துக்கடைக்காரர், அது அபின் சாதி, பழகினால் விடாது என்று சொல்லி வைத்திருந்தார். இன்னும் மூன்று நான்கு மாதம் மட்டும் இருக்கப்போகிற மனிதர் எதற்கு அடிமையானால்தான் என்ன என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“இப்பவே இதைக் குடுத்தால், பிறகு ஏலாமல் வரேக்க என்னத்தைக் குடுக்கிறது?” என்று அம்மா கேட்பார். கேட்டுவிட்டு, காய்ச்சலுக்குப் போடும் பனடோலைக் கொடுப்பார்.

ஏலாமல் வந்து கனநாளாகியிருந்தது. மாமாவால் படுக்க முடியாது. கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கட்டிப்பிடித்தபடி நாள் முழுக்க இருப்பார். வலி வரும்போது தோளில் கிடக்கும் துவாயை வாய்க்குள் வைத்துக் கடிப்பார். கடித்துக் கடித்துத் துவாயில் ஓட்டை விழுந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தால் வந்து வாசலில் சப்பாத்துக் கழற்றும்போதே சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் காதைப் பொத்திக்கொண்டுதான் வீட்டுப்பாடம் செய்தேன். “தங்கச்சி, என்னை ஒருக்கா முடிச்சு விடு” என்று மாமா அம்மாவைக் கெஞ்சுவார். அம்மா குசினிக்குள் போய் அழுவார். அழும்போதும் அலுமாரித் திறப்பு அவருடைய இடுப்பில்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு கிழமை லீவில் பெரியம்மா வந்து இறங்கினார். பெரியம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கும் இதை எழுதுவது சுகமாக இருந்திருக்கும். தம்பியைக் கண்டதும் வாசலிலேயே இருந்து அழுதார். அவருடைய நகத்தை வெட்டிவிட்டார், சீப்பால் தலை இழுத்துவிட்டார். அந்தச் சத்தத்தை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் தன்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரியின் கதையைச் சொன்னார். அந்த மனுசிக்கும் இதே நோயாம். கையெழுத்து வைத்தாளாம், பிள்ளைகளைக் கூப்பிட்டாளாம், விருப்பமான பாட்டைப் போட்டாளாம், டொக்டர் வந்து ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்ததாம்.

“அங்க எல்லாம் நேரத்துக்கு நடக்கும்” என்று அப்பா வியந்தார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

அதன் பிறகுதான் பெரியம்மா, இவனுக்கு என்ன மருந்து தந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். அம்மா அலுமாரியைத் திறந்து, நாற்பது நாளாக உள்ளே கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெரியம்மா அதை உருட்டிப் பார்த்தார்.

“இவ்வளவும் அப்பிடியே இருக்கோ?”

ஏன் கொடுக்கவில்லை என்று அவர் அடுத்ததாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து குளிசைகளை எண்ணினார். பிறகு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் நித்திரையிலேயே போய்விடுவான் என்று மெல்லிய குரலில் சொன்னார்.

“பாவம் இல்லையோ அக்கா?” என்றார் அம்மா.

“இப்பிடி வைச்சிருக்கிறதுதான் பாவம். அவன் கேக்கிறதைத்தானே செய்யப் போறம்.”

அப்பா எழும்பினார். “நீங்கள் சகோதரங்கள், நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ” என்று சொல்லிவிட்டு மரங்களுக்குத் தண்ணீர் விடப் போனார். அன்று காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது. ஒரு குளிசை கொடுக்கப் பயந்திருந்த எங்கள் வீடு முழுப் பெட்டியையும் கொடுப்பதற்கு ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் துணிந்துவிட்டது.

இனி நாள் பார்க்க வேண்டும். அம்மா குசினிச் சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். சிரிக்க வேண்டாம், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நாள் பார்த்தே பழகிய வீடு. பெரியம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிளேன். சனிக்கிழமை என்ற பேச்சுக்கே இடமில்லை, சனிப் பிணம் தனிப் போகாது. வெள்ளி விளக்கு வைக்கிற நாள். வியாழன் என்றால் வெள்ளி பிரேதம் எடுத்து, சனி சாம்பல் அள்ளிக் கடலில் கரைத்துவிட்டுப் பெரியம்மா நிம்மதியாகப் போகலாம். ஆகவே வியாழக்கிழமை.

மாமாவிடமும் கேட்டார்கள், முறை தவறவில்லை. பெரியம்மா அவருடைய கதிரைக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, தலையைத் தடவி, போக விருப்பமா தம்பி என்று கேட்டார். அம்மா கட்டிலோரம், நான் கதவடியில், அப்பா எனக்குப் பின்னால். மாமா எங்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பிறகு “ஓம்” என்றார். பெரியம்மா அவருடைய நெற்றியில் கொஞ்சினார். மற்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் இதில் ஓர் இலாபம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. எல்லாம் முடிந்த பிறகு அந்த அறை உனக்குத்தான், படிக்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். மேசையை எந்த ஜன்னலடியில் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை மிஸ் வந்தார். கதிரையில் இருந்து இருந்து மாமாவுக்கு வந்த புண்ணுக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரி அன்றுதான் முதல் தடவை அனுப்பிய தாதி, கிண்ணியாக்காரி. ஸ்கூட்டரை மதிலோடு சாத்திவிட்டு, தலை முக்காட்டைச் சரிசெய்தபடி உள்ளே வந்தவர் மேசையில் இருந்த பெட்டியைக் கண்டார். திறந்து பார்த்தார்.

“இத குடுக்கிற இல்லையா அக்கா?”

“குடுக்கிறம் மிஸ்” என்றார் அம்மா.

பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு அடித்துப் படிப்பித்தவர் அம்மாதான். அவருக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து, “அது நாளைக்குக் குடுக்கிறதுக்கு வைச்சிருக்கு மிஸ்” என்று நான் உதவினேன்.

“ஏன் மகள் நாளைக்கு?”

“நாளைக்குத்தானே வியாழக்கிழமை. எல்லாத்தையும் குடுக்கப் போறம்.”

அம்மா சுவரைப் பிடித்தார். மிஸ் கத்தப்போகிறார், பொலிசைக் கூப்பிடப்போகிறார் என்று பெரியம்மா பயந்திருக்க வேண்டும். மிஸ் என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பெட்டியின் மேல் டொக்டர் எழுதியிருந்ததை வாசித்து, அதன்படி எடுத்து மாமாவுக்குக் கொடுத்தார். பிறகு அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். வேறு வீடுகளும் பார்க்க இருந்திருக்கும். போகவில்லை.

“அவன்தானே கேட்டவன். அவன்ர விருப்பம்” என்றார் பெரியம்மா.

“வலியோட இரிக்கிற மனிசனிட்டக் கேட்டா வேற என்ன சொல்லுவார்? வலிய எடுத்துப்போட்டு ஒருக்கா கேட்டுப் பாருங்க.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். “இது கடைசி நாளைக்கெண்டு தந்தது இல்ல அக்கா. ஒவ்வொரு நாளைக்கும் தந்தது.”

அதிகம் பிந்தவில்லை. கதிரையை இறுக்கியிருந்த மாமாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. துவாய் கீழே விழுந்தது. கன்னத்தைக் கதிரையில் வைத்தபடி, வாயைத் திறந்து, குறட்டை விட்டு நித்திரை கொண்டார். அம்மா அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு, “நாப்பது நாள், நாப்பது நாள்” என்று அரற்றத் தொடங்கினார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா நித்திரை கொள்வது நல்லதுதானே என்று அவரைச் சமாதானப்படுத்தினேன்.

பின்னேரம் மாமா கண் விழித்துச் சொன்ன முதல் கதை, “ஆரடி மீன் பொரிக்கிறது? கருகுது!” என்பதுதான். வீட்டில் திரும்பவும் திட்டு விழத் தொடங்கியது. வியாழக்கிழமை வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா அழுதுகொண்டு போனார். பிறகு தொலைபேசியில், “இன்னும் அப்பிடியேதான் இருக்கிறானோ?” என்று கேட்பார். அப்படியே இல்லை, சுறாப்புட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறார் என்று அம்மா சொன்னால், அது அவருக்கு நம்பும்படியாக இருப்பதில்லை.

மாமா இன்னும் ஏழு கிழமை இருந்தார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நோய் தன் வேலையைச் செய்தது, ஆள் நாளுக்கு நாள் மெலிந்தார், குளிசையால் வயிறு இறுகி அதற்கு மிஸ் வேறு மருந்து கொடுத்தார். ஆனால் படுத்தார், தூங்கினார், பேசினார். மூதூரில் இருந்து ஒருவர் எஞ்சினைக் கொண்டுவந்து முற்றத்தில் வைக்க, மாமா கதிரையில் இருந்தபடி அவரைத் திட்டித் திட்டி அதை அவர் கையாலேயே திருத்த வைத்தார். நடுவில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் குளிசை முடிந்துபோயிற்று. மிஸ் கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார், அப்பா வேறு ஊர்களுக்கு பஸ் ஏறினார். அந்த நான்கு நாளும் மாமா பழையபடி துவாயைக் கடித்தார், பழையபடி முடித்துவிடச் சொன்னார். குளிசை வந்தது, அந்தக் கெஞ்சல் நின்றது. ஊசிக்குச் சட்டம் வேண்டும் என்று எங்கள் குடும்பக் குழுவில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் குளிசை தட்டுப்பாடில்லாமல் வர வேண்டும் என்றோ, அந்த மிஸ்ஸின் ஸ்கூட்டருக்குப் பெற்றோல் வேண்டும் என்றோ ஒருவர்கூட எழுதி நான் காணவில்லை.

ஒரு மத்தியானம், அம்மாவின் மடியில் தலை வைத்தபடி மாமா போய்ச் சேர்ந்தார். சத்தம் இல்லை.

அதற்குப் பத்து நாளைக்கு முன்பு நாங்கள் இருவரும் டாம் விளையாடிக்கொண்டிருந்தோம். மட்டையில் கட்டம் கீறி, சோடா மூடிகளைக் காய்களாக வைத்திருந்தோம். அவர் நல்ல சந்தோசமாக இருந்தார். அந்தத் துணிவில் நான் கேட்டேன்.

“மாமா, அண்டைக்குப் பெரியம்மா கேக்கேக்க ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?”

அவர் ஒரு மூடியை நகர்த்தினார். “நீங்கள் எல்லாரும் நிண்டனீங்கள்தானே. ஒருத்தராவது வேண்டாம் எண்டு சொல்லுவியள் எண்டு பாத்தன்.”

நான் யோசித்தேன். பெரியவர்களின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான்.

“அது உங்கட விருப்பம்தானே மாமா. நாங்கள் என்னெண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது?”

மாமா என் முகத்தைப் பார்த்தார். “ஓம், அதுவும் சரிதான்” என்றார். “உன்ர முறை, நகத்து.”

மரியாதையான பதிலைச் சொல்லிவிட்டேன் என்ற பெருமையோடு அவருடைய இரண்டு மூடிகளை ஒரே பாய்ச்சலில் வெட்டி எடுத்தேன். அன்றும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பதும், அன்றும் அவருக்குப் போக வேண்டாம் என்று சொல்லாமல் விட்டேன் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.