மிளகாய்ச் செடிக்கு மேலே நாலாவது சிடி

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, பின்பக்க மிளகாய்ச் செடிகளுக்கு மேலே ஐந்து சிடிகள் நூலில் தொங்கிச் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து நிறுத்தினேன். மார்க்கரில் எழுதிய என் கையெழுத்து வெளுத்துப் போயிருந்தது: ‘நாலாவது’.

“வெளிச்சத்துக்குக் குருவி பயப்படுது லா. இதுக்காவது உதவுதே” என்றார் அண்ணன்.

அவர் என் பெரியம்மா மகன். மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் இரு வீடுகளும் தொழிலாளர்களின் ஒரே லயத்தில் இருந்தன. காலையில் பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுவார், மாலையில் ராப் எழுதுவார். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைகளில் வந்து ஒலிப்பதிவு செய்வேன். ஜன்னலுக்குப் போர்வை, காற்றாடி நிறுத்தம், பக்கத்து வீட்டுச் சேவலுக்குக் கூடை என்று பதிவுக்கு முன் சரிபார்க்க ஒரு பட்டியலே வைத்திருந்தேன். பத்துப் பாட்டு சேர்ந்ததும் அதை ஒரு தொகுப்பாக்கி முப்பது சிடி அடிப்போம். அவற்றைக் கோயில் திருவிழாவிலும் மோட்டார் பட்டறைகளிலும் சும்மா கொடுத்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “விலை வெச்சா வாங்குனவன் பத்திரமா பூட்டி வெச்சுக்குவான். சும்மா குடுத்தா கூட்டாளிக்கும் அடிச்சுக் குடுப்பான்” என்றார்.

அப்படித்தான் நடந்தது. ஒருநாள் சி ரூசா கடற்கரையில், முன்பின் தெரியாத ஒருவரின் காரிலிருந்து அண்ணன் பாடும் குரல் வந்தது. அண்ணன் அருகில் போய், எங்கே கிடைத்தது என்று கேட்டார். “தெமியாங்ல கூட்டாளி குடுத்தான், பாஸ். பாடுறது யாருன்னு தெரியல. நம்ம எஸ்டேட் கதைய அப்படியே சொல்றான்.” பாடியது தான்தான் என்று அண்ணன் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளை மிக மெதுவாக ஓட்டினார். அவர் குரல் கேட்ட இடங்களை நான் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். மூன்றாவது தொகுப்புக்குப் பத்தொன்பது இடங்கள் இருந்தன.

பிறகு ஒரு கடையில் அதே மூன்றாவது தொகுப்பு வேறொருவனின் படத்தோடும் பெயரோடும் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தோம். “என் குரல்தானே போகுது, விடு தங்கச்சி” என்றார். என்னால் விட முடியவில்லை. நாலாவதை அடிக்கும்போது, அவரிடம் கேட்காமலே, நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டேன். கார் பிளேயரில் பாடும், கணினியில் போட்டால் காலியாகக் காட்டும். அப்போது எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

இருபத்தைந்து சிடி போயின. மீதி ஐந்தைக் கேட்டு யாரும் வரவில்லை. சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் பக்கத்துக் காரின் பக்கம் அண்ணன் காதைத் திருப்புவார். என் நோட்டில் ‘நாலாவது’ என்ற தலைப்பு மட்டுமே இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பட்டறைக்காரர் என்னிடம் சொன்னார்: “பாட்டு நல்லாதான் இருக்கும்மா. அடிச்சுக் குடுக்கத்தான் முடியல. காலி சிடியக் குடுத்து ஏமாத்துறியான்னு கூட்டாளிங்க திட்டுறானுங்க.”

பூட்டில்லாமல் மறுபடி அடிப்பது ஒரு பிற்பகல் வேலை. ஆனால் “மிக்ஸிங் எல்லாம் நம்ம தங்கச்சி, இஞ்சினியருக்குப் படிக்குது” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவரிடம், நான் போட்ட பூட்டுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். “ஜனங்களுக்குப் புடிக்கல, தங்கச்சி. போதும்.” ஐந்தாவதை அவர் தொடங்கவே இல்லை. பதிவுகள் இருந்த கணினியும் நாங்கள் தோட்டத்தை விட்டு வந்த வருடம் பழுதாகிப் போனது.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு கருவி திடீரென்று நின்றுவிட்டால், கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்றுதான் முதலில் கேட்போம். அண்ணன் அந்தக் கேள்வியை ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

அன்று மிளகாய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய்த் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

“அப்ப பாட்டு நல்லாதான் இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுண்ணே. நாலு தொகுப்புலயும் அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

ஒரு சிடியை அவிழ்த்து, கைலியில் துடைத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். பூச்சு உதிர்ந்த இடங்களில் மறுபக்கத்திலிருந்த அவர் விரல்கள் தெரிந்தன. அது இனி எதிலும் பாடாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் திரும்பக் கட்டவில்லை.

“குருவிக்கு மத்தது போதும்” என்று சொல்லி, அதை உள்ளே எடுத்துப் போனார்.