அதர்ஸ் என்றொரு கல்லூரி

எங்கள் கல்லூரியை யாரும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் "காலேஜ்லாம் எறங்கு" என்பார், நாங்கள் இறங்குவோம். மூன்று வருஷம் பி.காம். படித்து முடிக்கும்வரை அதற்குமேல் ஒரு பெயர் எனக்குத் தேவைப்படவில்லை.

முதன்முதலாகத் தேவைப்பட்டது பாண்டிக்குப் பக்கத்தில் தவளக்குப்பத்தில், ஒரு பிரவுசிங் சென்டரில். உலகம் பூராவும் ஆபீஸ் வைத்திருக்கும் பெரிய ஆடிட் நிறுவனம் ஒன்று சென்னையில் பி.காம். முடித்தவர்களை எடுக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பிக்கப் போயிருந்தேன். பாகூர் பக்கம் எங்கள் வீட்டில் நெட் வரும், மழை பெய்தால் வராது. அன்று மழை.

சென்டர் வைத்திருந்த அண்ணன் பட்டா, ரேஷன் கார்டு திருத்தம், சாதிச் சான்றிதழ் எல்லாம் போட்டுத் தருகிறவர். என் விண்ணப்பத்தையும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டு வந்தார். கல்லூரியைக் கேட்ட இடத்தில் நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. சென்னை, மும்பை, டெல்லி என்று ஊர் ஊராகக் கல்லூரிகள் இருந்தன. எங்களுடையது இல்லை. கடைசி வரியில், மற்ற கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து, 'அதர்ஸ்' என்று இருந்தது. நடுவில் ஓரிடத்தில், எங்கள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது.

"சர்டிபிகேட்ல இன்னா பேரு போட்டுக்குது?" என்றார் அண்ணன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன். அதையே அழுத்தினார். அதர்ஸ் என்று போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று போட்டவருக்கே தெரியாது என்பது அவருடைய அனுபவம். நான் தடுத்திருக்கலாம். மழை விட்டதா என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்தது திரையைத்தான்.

என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். வில்லியனூர்க்காரி, அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. வகுப்பில் முதல் மார்க் எப்போதும் அவள்தான். நான் பாஸானதில் பாதி அவள் பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தது. ஆடிட்டிங் பாடத்தில், கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று வரும். உண்மையாக இருந்தால் போதாதா, எதற்கு இரண்டு வார்த்தை என்று கேட்டேன். ஒவ்வொரு வரியையும் உண்மையாக எழுதிவிட்டு மொத்தத்தில் ஆளை ஏமாற்ற முடியும், அதற்காகத்தான் இரண்டாவது வார்த்தை என்றாள். பரீட்சையில் அதை அப்படியே எழுதினேன்.

அவளும் அதே வாரம் அதே நிறுவனத்துக்குத் தன் போனிலிருந்தே விண்ணப்பித்தாள். அதர்ஸைத் தேர்ந்தெடுத்து, கீழே இருந்த கட்டத்தில் கல்லூரிப் பெயரை அடித்தாளாம். கட்டம் பத்தாமல் கடைசி இரண்டு எழுத்து விட்டுப்போய்விட்டது என்று வருத்தப்பட்டாள். நீ என்ன போட்டாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

இன்டர்வியூ செய்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் கேம்பஸிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று சந்தோஷமாகக் கேட்டார். அந்தப் பல்கலைக்கழகக் கேம்பஸை நான் சென்னை பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், இறங்கியதில்லை. ரொம்பப் பக்கம் சார் என்றேன். அது உண்மை. பிறகு வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைச் சரிபார்த்தார்கள். இந்தப் பெண்ணுக்குப் பட்டம் கொடுத்தீர்களா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டார்கள், அங்கிருந்து ஆமாம் என்று பதில் வந்தது. அதுவும் உண்மை. தவறான தகவல் தந்திருந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தும் என்னுடையதுதான்.

ஆபீஸில் எல்லோரும் சொந்த ஊரைச் சொல்வதுபோலக் கல்லூரிப் பெயரைச் சொல்லிக்கொள்வார்கள். நான் பாண்டி என்பேன். அதற்குமேல் யாரும் கல்லூரியைக் கேட்டதில்லை, வரும்போது பாட்டில் வாங்கி வர முடியுமா என்றுதான் கேட்டார்கள். பெரிய கல்லூரியில் படித்தவர்களும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே பில்களுக்கு அதே டிக் அடித்தோம். கல்லூரியின் பெயர் வாசல்வரைக்கும்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்த வாசலில் அது மட்டும்தான் வேலை செய்கிறது. விண்ணப்பம் குவியும்போது முதலில் பட்டியலில் உள்ள கல்லூரிகளை எடுப்பார்கள், நேரமிருந்தால் அதர்ஸைத் திறப்பார்கள் என்று ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த ஒருவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நேரம் எப்போதாவது இருந்ததா என்று கேட்டேன். சாம்பார் வாங்க எழுந்து போய்விட்டார்.

சிநேகிதி திருபுவனையில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போனாள். லீவில் வந்தால் வில்லியனூர் பேக்கரி ஒன்றில் சந்திப்போம். இரண்டாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்துத் திருத்தித் தரச் சொன்னாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டு. கம்பெனி பஸ்ஸில் இறங்கி வாரத்தில் மூன்று நாள் நேராக அந்த வகுப்புக்குப் போகிறாளாம். எத்தனை மாதமாக என்று கேட்டேன். அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வராததிலிருந்து என்றாள். தன் இங்கிலீஷ் பத்தாமல்தான் கூப்பிடவில்லை என்று அவளே முடிவு செய்திருந்தாள். வேறு எங்கும் விண்ணப்பிக்கவும் இல்லை. நோட்டைத் திறந்தேன், திருத்த ஒன்றுமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சென்டர் அண்ணன், பட்டியல், திறக்காத அதர்ஸ், மழை என்று எல்லாவற்றையும் சொன்னேன். மழையை மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொன்னேன். அவள் பப்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அப்ப என்ன யாரும் பாக்கவே இல்லியா?"

"பாக்கல."

"பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன்டி, ரெண்டு வருஷமா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பேக்கரிக்காரர் பில் கொண்டுவந்து வைத்தார், அவளே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பத்து நாள் நான் செய்த போனை எடுக்கவில்லை.

வேலை பார்க்கிறவர்கள் தெரிந்தவர் ஒருவரைச் சிபாரிசு செய்ய எங்கள் ஆபீஸில் ஒரு வழி உண்டு. அப்படி வரும் விண்ணப்பத்தைப் பட்டியல் வடிகட்டாது, ஆள் படிப்பார். இது அதற்கு முன்பும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படிவத்தில், இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி இருந்தது. ஒரே வகுப்பு என்று எழுதினால், ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேருக்கு இரண்டு கல்லூரி எப்படி வந்தது என்று கேட்பார்கள். இரண்டு வருஷம் நான் சும்மா இருந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள். சிபாரிசு செய்கிறேன், போடுகிறாயா என்றேன். போடுகிறேன், ஆனால் அதர்ஸ்தான் போடுவேன் என்றாள். அதையே போட்டாள். இந்த முறை கல்லூரிப் பெயரைச் சுருக்கி எழுதிக் கட்டத்துக்குள் முழுசாக அடக்கிவிட்டாள். நான் என் படிவத்தில் 'ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டு, பயத்தில் இரண்டு முறை பாத்ரூம் போய்வந்தேன்.

நான்காம் நாள் எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். இரண்டு விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்து எது சரி என்று கேட்டார். நான் போட்டது உண்மை, அவள் போட்டது உண்மையும் நியாயமும் என்று சொல்லத்தான் தயாராகிப் போயிருந்தேன். வாயில் வந்தது, "அவ போட்டதுதான் மேடம்." எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த மூன்று வாரமும் வேலை போய்விடும் என்றே இருந்தேன். போகவில்லை. பட்டம் உண்மைதானே என்று, இனி கவனமாக இருக்கும்படி ஒரு கடிதம் கொடுத்தார்கள். என் பெயருக்கு நேரே இருந்த கல்லூரியை மட்டும் மாற்றிவிட்டார்கள். இப்போது நான் அதர்ஸ்.

அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றேன். நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தாள். பிறகு வேலை கிடைத்தது, இப்போது எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அது தெரியாது. வெளியே வந்தவளிடம் எப்படிப் போச்சு என்று கேட்டேன். வாட்டர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தாள்.

"தெரியலடி. வேணாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க," என்றாள். "ஆனா இந்த வாட்டி பாத்துட்டுதான் சொல்லுவாங்க."