தெற்கு பார்த்து வந்த புயல்

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த பெண் சூரியனை ஆராய்கிறவள். செங்கம் ரோட்டில் அறை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடித் தியானத்தில் உட்காரத்தான் வருவார்கள். இவள் மடிக்கணினியோடு வந்தாள். சூரியனில் நடக்கும் வெடிப்புகளையும் தூரத்து நட்சத்திரங்களில் நடப்பவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. நான் பத்தாவதோடு நின்றவன். தெரிந்ததெல்லாம் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்ததுதான். காபி கொடுக்கும் சாக்கில் மாடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

"சில நட்சத்திரம் ரொம்ப மூர்க்கம் அங்கிள். பக்கத்துல சுத்துற கிரகத்தோட காத்தையே உரிச்சுடும்."

"நம்மாளு?"

"இதுவரைக்கும் சாது."

அந்த 'இதுவரைக்கும்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் ஒரு படம் காட்டினாள். சூரியனை வட்டத் தகட்டால் மறைத்து எடுத்தது. தகட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளைப் புகை வளையமாக விரிந்திருந்தது.

"பக்கவாட்டுல போனா ஒரு பக்கம்தான் தெரியும். இப்படி முழு வளையமா தெரிஞ்சா புயல் நம்ம மூஞ்சிக்கு நேரா வருதுன்னு அர்த்தம். நாளைக்கு வந்து சேரலாம்."

"வந்தா?"

"அதோட காந்தம் வடக்கு பாத்திருந்தா பெருசா ஒண்ணுமில்ல. தெற்கு பாத்திருந்தா பூமியோட காந்தத்த உடைச்சுகிட்டு உள்ள வரும். ஜிபிஎஸ் தடுமாறும். எந்தப் பக்கம்னு கிட்ட வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது."

ஜிபிஎஸ் என்றதும் என் மச்சான் ஞாபகம்தான் வந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவனுக்கு நெல் வயல். பௌர்ணமியன்று அந்த ஊரில் வயல் வேலைக்கு ஓர் ஆள் கிடைக்காது. அத்தனை பேரும் பாதையோரம் கடை போட்டுவிடுவார்கள். அதனால் பூச்சிமருந்து அடிக்க அன்றைக்கு ஜிபிஎஸ்ஸை வைத்துப் பறக்கும் ட்ரோனை வாடகைக்கு எடுப்பது அவன் வழக்கம். அதே நாளில், அதே வயலின் ஓரத்தில், பந்தல் போட்டு நடந்து வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதமும் போடுவான்.

போனில் சொன்னேன். சிரித்தான்.

"மாமா, சூரியனுக்கே ஜுரமா? போன தடவையும் இதேதான் சொன்னீங்க. ஒண்ணும் வரல."

போன தடவை வந்தது. வடக்கு பார்த்து வந்தது. அதை அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? "இலையெல்லாம் புழு சுருட்டுது. நாளைக்கு விட்டா அறுக்க ஒண்ணும் இருக்காது" என்று போனை வைத்துவிட்டான். அவன் சொன்னதிலும் பொய் இல்லை.

அந்த மாதம் திதி காலையிலேயே தொடங்கியதால் விடிந்ததிலிருந்து கூட்டம். எட்டு மணி வாக்கில் அந்தப் பெண் படியிறங்கி வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"தெற்கு, அங்கிள்."

மச்சானுக்குப் போன் போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் எப்போது போயிருக்கிறது? பாதையில் வண்டி விடமாட்டார்கள். நடந்தேன். வெயில் வழக்கம்போல்தான் இருந்தது, மலை வழக்கம்போல் நின்றது, ஜனங்கள் சிவ சிவ என்று போய்க்கொண்டிருந்தார்கள். எதுவுமே மாறியிருக்கவில்லை. நான் ஓட ஆரம்பித்தேன். "ஏன்யா ஓடுற, மல எங்கயும் போயிடாது" என்று எலுமிச்சம்பழக்காரம்மா கேலி செய்தாள். வேறு நாளாக இருந்தால் நின்று பேசியிருப்பேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ட்ரோன் வயலின் நடுவில், பயிருக்கு மேல் ஆள் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. மச்சான் வரப்பில் நின்றான். "இறக்குடா!" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கையிலிருந்த கருவி கீச்சிட்டது. நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்த ட்ரோன் ஒரு கணம் தயங்கியது. பிறகு யாரோ இழுப்பதுபோலக் காற்றடித்த பக்கமாக, பாதையைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

"சாட்டிலைட் போயிடுச்சு மாமா!"

மருந்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். அதற்குள் அது பந்தலின் ஓரத்தைத் தாண்டி, வெளியே திறந்திருந்த சாத அண்டாவின் மேலாகச் சறுக்கிப் போய், மறுபடி வயல் பக்கம் திரும்பி, சேற்றில் விழுந்து இறக்கையடித்து ஓய்ந்தது. வரிசையில் நின்றவர்களில் சிலர் கைதட்டினார்கள். ஏதோ பூ தூவ வந்தது என்று நினைத்திருக்கிறார்கள்.

மச்சான் சம்சாரம் கரண்டியோடு நின்றாள். "நிறுத்திட்டியா, இல்ல நிறுத்துறதுக்குள்ள வந்துடுச்சா?"

"நிறுத்திட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? ஒரு சொட்டு விழலன்னு எம்மேல கைய வெச்சுச் சொல்லு."

அவன் கை எழவில்லை. அவள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை நான் பிடித்தேன். வயலோரப் பள்ளத்தில் கவிழ்த்தோம். வரிசையில் ஒருவர், "சோத்தக் கொட்டுறாங்களே, பாவிங்க" என்றார்.

திரும்பும்போதுதான் அவள் நின்றாள். "அது அண்டா மேல போனப்புறம் ரெண்டு மூணு பேருக்குப் போட்டுட்டேன் அண்ணா. கை பாட்டுக்குப் போட்டுடுச்சு. ஒரு பொம்பள, இடுப்புல கொழந்த. மஞ்சப் பொடவ."

பாதையைப் பார்த்தோம். பௌர்ணமியில் மஞ்சள் புடவைக்கா பஞ்சம்?

மச்சானும் நானும் கூட்டத்தோடு நடந்தோம். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். மரத்தடியில் யார் உட்கார்ந்திருந்தாலும் குனிந்து முகத்தைப் பார்த்தோம். டவுன் நெருங்கியதும் என் போனுக்கு உயிர் வந்தது. மாடிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். சூரியப் புயலால்தான் ட்ரோன் விழுந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மெஷின் கோளாறாகவும் இருக்கலாம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த வெடிப்பு கிளம்பின இடம் இன்னும் பெருசாயிட்டிருக்கு. சூரியன் சுத்தி அது மறுபடி நம்ம பக்கம் வர்றப்ப அடுத்த பௌர்ணமி நெருங்கியிருக்கும்" என்றாள்.

"என்ன மாமா சொல்லுது?" என்றான் மச்சான்.

"ஒண்ணுமில்ல. அந்தக் கல்லு மேல உக்காந்திருக்காங்க பாரு, மஞ்சப் பொடவ. போய்ப் பாரு."

போனான். அந்த அம்மாவிடம் குழந்தை இல்லை.