இடது பின்னங்கால்

எனக்குக் குதிரை என்றாலே பயம். சேரன்மகாதேவியில் வயலும் வீடுமாக இருக்கிறவர்களுக்குக் குதிரை எதற்கு என்று கத்தத்தான் செய்தேன். கணவர் கேட்கவில்லை. பெண்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொல்லையில் கட்டிவிட்டார். பயந்துகொண்டே புல் போட்டவள், எப்போது அதன்மேல் உயிரை வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

வளர வளர அதன் நடை ஒரு மாதிரியாகத் தெரிந்தது.

"ஏளா, சில குதிரை ஒரு பக்கத்துக் காலு ரெண்டையும் சேத்துத்தான் போடும். அது பொறவி நடை," என்றார் அவர்.

"நொண்டிக் குதிரைய வாங்கிட்டு வந்துட்டு, பேச்சப் பாரு!" என்று எரிந்து விழுந்தேன்.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். "பிறவி நடைன்னா பயமில்ல. வலியில நொண்டுதுன்னா சும்மா விடக்கூடாது, எலும்புல சீழ் பிடிச்சா காப்பாத்த முடியாது. பக்கவாட்டுல, பின்னால நின்னு வீடியோ எடுத்து அனுப்புங்க," என்றார்.

காலையில் வாசல் சிமெண்ட் தரையில் அவர் நடத்திக்கொண்டு போக, நான் பின்னால் உட்கார்ந்து போனைத் தரையோடு பிடித்தேன். "பைய கூட்டிட்டுப் போங்க, உதைச்சிரப் போகுது!"

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். மூன்று கால்கள் நன்றாக ஊன்றின. இடது பின்னங்கால் மட்டும் நுனி பட்டதுமே பதறி எழுந்தது. நிறுத்திப் பெரிதாக்கினேன். குளம்புக்கு மேலே, முடிக்குள் ஒரு கறுப்புக் கோடு. சுற்றிலும் வீக்கம்.

ஐயோ, என் கயிறு! குட்டி வந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரி "என்ன அழகு!" என்று வாயைப் பிளந்தாள். கண் படக்கூடாதென்று, அவரைக் காலைப் பிடிக்கச் சொல்லி, கறுப்புக் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியது நான்தான். குட்டி வளர்ந்தது. கயிறு வளருமா?

வீடியோவைப் பார்த்ததும் டாக்டரம்மா கிளம்பி வந்துவிட்டார். கயிற்றை வெட்டி எடுத்தபோது சதையும் சேர்ந்து வந்தது. எலும்பு வரை போகவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார். பிறகு நிமிர்ந்து, "யாரு இப்படிக் கட்டுனது?" என்று கேட்டார்.

நான் குனிந்து, வெட்டிப் போட்ட கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"வாங்கும்போதே கெடந்துச்சு டாக்டர். நான்தான் கவனிக்கல," என்றார் இவர், என் பக்கம் திரும்பாமலே.

புண் ஆறிவிட்டது. நேற்று மறுபடி வீடியோ எடுத்தோம். நாலு காலும் ஊன்றி நடக்கிறது. ஆனால் நான் புல்லோடு பக்கத்தில் போனால், முதலில் அந்தக் காலைத்தான் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.